ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை என்று கதவைக் கழற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பின் கணினி கேள்வி–பதில் பகுதியில், மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: புதிதாக ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன், பழைய கம்ப்யூட்டரில் மற்ற கம்ப்யூட்டர்களும் திறக்கும்படி பகிர்ந்து வைத்திருக்கும் ஷேர் ஃபோல்டர் இதில் திறக்க மறுக்கிறது, கடைக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது, என்ன செய்வது? நான்கே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்திவிடுங்கள். ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன்' (யார் வேண்டுமானாலும்) என்று போட்டு 'ஃபுல் கன்ட்ரோல்' (முழு உரிமை) கொடுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையை டிக் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பதில் பொய் இல்லை. இப்படிச் செய்தால் ஃபோல்டர் பெரும்பாலும் திறக்கும். என் கடையில் இதே நான்கையும் ஒருவர் செய்தார், திறந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடமில்லை என்றால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

கும்பகோணத்தில் எங்களுடையது சின்ன அச்சகம். அப்பா காலத்தில் ட்ரெடில் மெஷினும் ஈய எழுத்தும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அச்சடித்து முடிந்த எழுத்துகளைப் பிரித்து, கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போடுவது என் வேலை. 'கூ' இருக்க வேண்டிய அறையில் 'சூ' கிடந்தால், அடுத்துக் கம்போஸ் செய்கிறவர் கை பழக்கத்தில் அதையே எடுப்பார், கூடம் சூடமாகிவிடும். அடி எனக்கு விழும். ஒரே கேஸில் நான்கு பேர் கை வைப்பார்கள், ஒருவர் கலைத்தால் எல்லாருக்கும் கலைந்துபோகும். அதனால் ஷேர் ஃபோல்டர் என்றால் என்ன என்று பிற்காலத்தில் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது மூன்று சிஸ்டம். பின்னறையில் இருப்பது விண்டோஸ் 7. சிரிக்க வேண்டாம். அதில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் இருக்கிறது, 2001-இல் வந்த கடைசிப் பதிப்பு. இன்றைய போனும் கம்ப்யூட்டரும் பயன்படுத்தும் யூனிகோட் தமிழ் அதற்குத் தெரியாது. பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பதினைந்து வருஷத்து வேலை அதில்தான் கலையாமல் திறக்கும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் என்று எல்லாமே 'வேலை' என்ற ஒரே ஃபோல்டருக்குள். 2016 மகாமகத்துக்கு முந்தைய மாதம், வேலை குவிந்து கிடந்தபோது, கம்ப்யூட்டர்களை இணைக்கும் எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்று வாங்கி, நீலக் கேபிள் இழுத்து, அந்த ஃபோல்டரை மற்ற இரண்டு சிஸ்டத்துக்கும் ஷேர் கொடுத்தோம். கவுண்டரில் அது இசட் டிரைவ் என்று வரும். வாடிக்கையாளர் வந்து நின்றால் கவுண்டரில் இருக்கும் பெண் இசட் டிரைவைத் திறந்து அவருடைய ப்ரூஃபைக் காட்டுவாள். அவர் திருத்தம் சொல்வார், அங்கேயே மாறும், பின்னறையில் பிளேட்டுக்குப் போவதும் அதே ஃபைல்தான். பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. ஒன்பது வருஷம் ஓடியது.

போன வருஷம் ஆடியில் கவுண்டர் சிஸ்டத்தை மாற்றினேன். அது விண்டோஸ் 10. அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு அப்டேட் நின்றுவிடும் என்றார்கள், அந்தப் பழைய பெட்டி விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றும் சொன்னார்கள். ஆடித் தள்ளுபடியில் புதுசு வாங்கிவிட்டேன். வெளியில் இருப்பவர்களுக்கு ஆடி சும்மா இருக்கும் மாதமாகத் தெரியும். ஆடியில் கல்யாணம் இல்லைதான், ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அடிப்பது ஆடியில். அந்த நேரத்திலா சிஸ்டம் மாற்றுவார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டியதுதான்.

புது சிஸ்டத்தில் ஃபோல்டரைத் திறந்தால் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் சொல்லாத விருந்தினர்களைத் தடுக்கிறது என்பது அதன் சாரம். எங்கள் நிறுவனத்துக்கு ஏது பாதுகாப்புக் கொள்கை? ராத்திரி ஒன்பதுக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டுவதுதான். யாரோ கம்பெனிக்காரர்கள் வாங்கித் திருப்பிக் கொடுத்த சிஸ்டத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கடைக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன். பாவம், அவர் மேல் தப்பில்லை.

பின்னறையில் பாஸ்வேர்டு போட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்துக் கடைப் பையன் சொன்னான். போட்டேன். இப்போது புது சிஸ்டம் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. காலையில் சிஸ்டத்தைத் திறக்க நாலு நம்பர் அடிக்கிறோமே, அதைக் கொடுத்தேன். தப்பு என்றது. மறுபடி கொடுத்தேன். பத்து தடவையாவது கொடுத்திருப்பேன். நாலு நம்பரில் எந்த நம்பரை நான் மறந்தேன் என்று என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அந்த நம்பருக்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமே இல்லை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

மூன்று வாரம் பென்டிரைவில் ஓட்டினோம். கவுண்டரில் ஒரு காப்பி, டிசைன் சிஸ்டத்தில் ஒரு காப்பி, பின்னறையில் ஒரு காப்பி. ஒரு கல்யாணப் பத்திரிகை. முதல் ப்ரூஃபில் எங்கள் ஆள் தாத்தாவின் பெயருக்கு முன்னால் போட வேண்டிய 'தெய்வத்திரு'வை ஒரு வரி தள்ளித் தாய்மாமன் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டார். பெண் வீட்டார் பார்த்துத் திருத்தம் சொன்னார்கள், கவுண்டரில் திருத்தினோம். திருத்திய ஃபைல் கவுண்டரிலேயே தங்கிவிட்டது. பென்டிரைவில் போனது பழையது. அறுநூறு பத்திரிகை அடித்து, மடித்து, கவரில் போட்டுக் கொடுத்தாயிற்று. நாலாம் நாள் வேட்டி சட்டையோடு ஒருவர் கடைக்கு வந்து, உட்காரச் சொன்னால் உட்காராமல், "நான்தாங்க அந்தத் தெய்வத்திரு" என்றார்.

நல்லவேளை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அறுநூறையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்ட எழுபது எண்பது பத்திரிகையை யார் திரும்ப வாங்குவது? துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்கு இரண்டு பேர் வந்துவிட்டுப் போனார்களாம்.

அதற்கு மறுநாள்தான் சர்வீஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் செய்தது உங்கள் இணைப்பில் வந்த அதே நான்கு. கூடவே புது சிஸ்டத்தில் கறுப்பு ஜன்னலைத் திறந்து ஏதோ இரண்டு வரி தட்டினார். இருபது நிமிடம், அறுநூறு ரூபாய், இசட் டிரைவ் வந்துவிட்டது. எனக்கு அவர் காலில் விழாத குறை.

புரட்டாசியில் ஒரு நாள், பகுதி நேரமாக டிசைனுக்கு வரும் கல்லூரிப் பையன் தன் சிஸ்டத்தில் இடம் அடைக்கிறது என்று பழைய ஃபோல்டர்களைத் துடைத்திருக்கிறான். இசட் டிரைவில் இருந்த 'பழசு' என்ற ஃபோல்டர் தன் சிஸ்டத்தில் இருப்பது என்று நினைத்துவிட்டான். போனால் என்ன, ரீசைக்கிள் பின்னில் இருக்குமே என்று எல்லாரும் சொன்னோம். இல்லை. ஷேர் ஃபோல்டருக்குள் போய் இன்னொரு சிஸ்டத்திலிருந்து அழித்தால், அது இவனுடைய ரீசைக்கிள் பின்னுக்கும் வராது, அங்கிருப்பதற்கும் போகாது, நேராகப் போய்விடும். இத்தனை வருஷம் கம்ப்யூட்டரில் இருக்கிறேன், அன்றைக்குத்தான் தெரியும். தனி ஹார்டு டிஸ்க்கில் சித்திரையில் எடுத்த காப்பி இருந்தது. நடுவில் ஐந்து மாத வேலை போயிற்று. ஐப்பசி அன்னாபிஷேகத்துக்கு ஒரு கிராமத்துக் கோயில் நோட்டீஸ், நன்கொடையாளர் பெயர்களோடு, திரும்ப உட்கார்ந்து அடித்தோம்.

யார் அழித்தது என்று முதலில் தெரியவில்லை. பையனே வந்து சொன்னான். சொல்லாமல் இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது. ஏனென்றால் உள்ளே வந்த எல்லாருக்கும் ஒரே பெயர், கெஸ்ட். பாஸ்வேர்டை எடுத்துவிட்டு எவ்ரிஒன் கொடுத்தால் நடப்பது இதுதான். வீட்டுக்குள் யார் வந்தார்கள் என்று கேட்டால், "யாரோ வந்தாங்க" என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும்.

தீபாவளிக்கு அக்கா மகள் வந்திருந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறாள். கங்கா ஸ்நானம் ஆகி, பலகாரம் சாப்பிட்டு, சும்மா கடையைப் பார்க்கிறேன் என்று வந்தவள் பின்னறை சிஸ்டத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "மாமா, கதவு திறக்கலைன்னு கதவையே கழட்டி வெச்சிருக்கீங்க" என்றாள். புது சிஸ்டத்தில் எஸ்எம்பி 1 டிக் போட்டிருப்பதைப் பார்த்து, "இது எதுக்கு? ரெண்டு சிஸ்டத்துக்கும் இது தேவையே இல்லையே" என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஒரு விண்டோஸ் சிஸ்டம் இன்னொன்றின் ஃபோல்டரைத் திறக்க எஸ்எம்பி என்ற முறையில் பேசிக்கொள்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் கம்பெனியில் உருவான முறை அது. முதல் பதிப்புதான் எஸ்எம்பி 1. 2007-இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. என்னுடைய விண்டோஸ் 7 அதற்கும் பிந்தியது. ஆக, என் பழைய சிஸ்டத்துக்கே எஸ்எம்பி 1 வேண்டியதில்லை. எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கும் மிகப் பழைய சில ஸ்கேனர், பிரிண்டர் வகையறாக்களுக்கும்தான் அது இல்லாமல் ஓடாது.

வேண்டாததை வைத்திருந்தால் என்ன என்று கேட்டேன். 2017 மே 12, வெள்ளிக்கிழமை, ஞாபகம் இருக்கிறதா என்றாள். வானாக்ரை என்ற வைரஸ். உங்கள் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வந்தது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களில் இருந்த ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, 300 டாலரை பிட்காயினாகக் கொடு என்று கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நம் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. அது பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓர் ஓட்டை வழியாக. யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியதில்லை, எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரு சிஸ்டத்துக்குள் வந்தால் அதே கேபிளில் இருக்கும் மற்றவற்றுக்குத் தானாகத் தாவும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். மாட்டியவற்றில் பெரும்பங்கு விண்டோஸ் 7. இதைச் சொல்லிவிட்டு என் பின்னறை சிஸ்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது. அந்த மார்ச் மாத அப்டேட் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்தாள், ஏறியிருந்தது. 2017 கடைசியிலேயே, விண்டோஸ் 10-இன் அக்டோபர் பதிப்பிலிருந்து, எஸ்எம்பி 1-ஐத் தானாக வைப்பதை நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் நாம் தேடிப் போய் டிக் போட்டுத் திரும்ப அழைத்து வருகிறோம்.

சரி, அப்படியானால் முதலில் ஏன் திறக்கவில்லை? ஒரு காரணம் இல்லை, மூன்று நான்கு சேர்ந்து வந்திருக்கின்றன. முதலாவது அந்த விருந்தினர் செய்தி. ஒன்பது வருஷமாக கவுண்டர் சிஸ்டம் பெயர் சொல்லாமல், கெஸ்டாகத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பழைய விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 பதிப்பில், புரோ வகையில், பெயர் சொல்லாமல் போவதை நிறுத்திவிட்டார்கள். தவிர, போகிற வருகிற ஒவ்வொரு தகவலுக்கும் கையெழுத்து வேண்டும் என்றும் வைத்துவிட்டார்கள். பெயர் இல்லாதவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? செய்தியில் சொன்ன 'நிறுவனம்' என்பது என் அச்சகம்தான், 'கொள்கை' என்பது விண்டோஸ் தானாக வைத்தது. இரண்டு வார்த்தை எளிமையாக எழுதியிருந்தால் கடைக்காரரோடு எனக்குச் சண்டை வந்திருக்காது.

இரண்டாவது, நான் அடித்த நாலு நம்பர். 'பின்' (PIN) எனப்படும் அந்த நம்பர் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியது. நம் வீட்டுப் பீரோவின் சாவி மாதிரி, அடுத்த வீட்டுப் பீரோவுக்குப் பொருந்தாது. ஷேர் ஃபோல்டர் கேட்பது, ஃபோல்டர் எந்த சிஸ்டத்தில் இருக்கிறதோ அந்த சிஸ்டத்தில் உருவாக்கிய பெயரும் பாஸ்வேர்டும். அதாவது பின்னறை சிஸ்டத்துக்குத் தெரிந்த ஆளாகப் போக வேண்டும். நான் கவுண்டரின் சாவியைப் பின்னறைப் பூட்டில் போட்டுத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பகுதியில் இதை ஒருமுறையும் எழுதி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, புது சிஸ்டம் எங்கள் கடை நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டிருந்தது. ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் யாரோடும் பேசாது. செட்டிங்ஸில் அதை 'பிரைவேட்' என்று மாற்றினால் போதும், ஃபயர்வாலே ஷேரிங்குக்கு வழிவிடும். ஃபயர்வாலை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை. நாலாவது பின்னால் வந்து சேர்ந்தது, கரண்ட். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்த பின் ரவுட்டர் பின்னறை சிஸ்டத்துக்கு வேறு முகவரி நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தது. சர்வீஸ்காரர் பழைய நம்பரை வைத்து இசட் டிரைவ் போட்டிருந்தார். கடைக்கே முகவரி மாறிவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்? அவள் ரவுட்டருக்குள் போய் பின்னறைக்கு 192.168.1.50 என்று நிலையாக ஒதுக்கினாள். அந்த ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் இண்டர்நெட்டையும் அடைத்துவிட்டாள். கேபிளில் கடைக்குள் மட்டும் பேசும், வெளியே போகாது. வயதான சிஸ்டத்துக்கு அவ்வளவு போதும்.

அப்புறம் அனுமதி. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் 'ஷேரிங்' என்று ஓர் இடத்தில் ஒரு பூட்டு, 'செக்யூரிட்டி' என்று இன்னோர் இடத்தில் ஒரு பூட்டு. நெட்வொர்க்கிலிருந்து வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும், இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வாசல் கதவு திறந்திருந்தாலும் உள்கதவு சாத்தியிருந்தால் ரேழியிலேயே நிற்க வேண்டியதுதான். ஷேரிங்கில் எல்லாம் கொடுத்துவிட்டோமே, ஏன் சேவ் ஆகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் செக்யூரிட்டி பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் கவுண்டருக்கு ஒரு பெயர், டிசைனுக்கு ஒரு பெயர், எனக்கு ஒரு பெயர் போட்டாள். நடப்பு வேலைகளை மூவரும் திருத்தலாம். 'பழசு' ஃபோல்டரை எல்லாரும் பார்க்கலாம், எடுக்கலாம், அழிக்க என்னால் மட்டும் முடியும். எனக்கே அந்த உரிமை வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டாள்.

நடுவில் ஒரு வேடிக்கை. எல்லாம் சரியாகப் போட்டும் கவுண்டரில் திறக்கவில்லை. ஏற்கெனவே கெஸ்டாக உள்ளே போயிருந்த இணைப்பை அது விடவில்லை. ஒரே சிஸ்டத்திலிருந்து, ஃபோல்டர் இருக்கும் சிஸ்டத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாதாம். பழைய இசட் டிரைவைத் துண்டித்து, விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் நான் கோபத்தில் அடித்துச் சேமித்து வைத்திருந்த பழைய தப்புப் பாஸ்வேர்டுகளையும் துடைத்து, ரீஸ்டார்ட் செய்ததும் வந்தது. மொத்தம் நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். சர்வீஸ்காரருக்கு ஆனதைவிட இருபது நிமிடம் கூட.

பேச்சுவாக்கில் தன் லேபில் லினக்ஸ் சிஸ்டம்தான் ஃபோல்டரைப் பகிர்கிறது, அதில் சம்பா என்று ஒரு மென்பொருள் என்றாள். சம்பா என்றதும் நான் நெல்லைத்தான் நினைத்தேன், தஞ்சாவூர் ஜில்லாக்காரன் வேறு என்ன நினைப்பான்? ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் 1991 வாக்கில் எழுத ஆரம்பித்தது அது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வருகிற வார்த்தை எது என்று அகராதிக் கோப்பில் தேடி அந்தப் பெயரைப் பிடித்தாராம். கடைசியில் அது பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர். நெல்லாக இருந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் ஆன்லைன் டிரைவில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று உங்கள் பகுதியிலேயே ஒருமுறை எழுதியிருந்தார்கள். ஆபீஸ் கடிதங்களுக்குச் சரி. ஃப்ளெக்ஸ் பேனர் ஃபைல் ஒன்று நானூறு எம்பி. எங்கள் தெருவில் நெட் வருகிற லட்சணத்தில் அதை ஏற்றி இறக்குவதற்குள் வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். கேபிளில் ஐந்தாறு விநாடி. ஒரு நாள் அதுவும் அரை நிமிடத்துக்கு மேல் இழுத்தது. பார்த்தால் எலி கேபிளைக் கடித்திருக்கிறது. உள்ளே எட்டுக் கம்பியும் முழுசாக இருந்தால்தான் விநாடிக்கு ஆயிரம் மெகாபிட் வேகம், நான்கு மட்டும் மிஞ்சினால் நூறுக்கு இறங்கிவிடும், ஆனால் நிற்காது. அதனால் எலி கடித்தது எத்தனை நாளாக என்றே தெரியவில்லை.

இன்னொரு மனக்குறையும் இருக்கிறது. உங்கள் பகுதியில் ஃபயர்வாலுக்குத் 'தீச்சுவர்', 'வலையமைப்புப் பகிர்வு மையம்' என்றெல்லாம் போடுகிறீர்கள். தமிழ் மேல் எனக்கு உங்களைவிடக் குறைந்த பற்று இல்லை, தமிழை அடித்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். ஆனால் திரையில் இருப்பது ஆங்கிலம். அதில் தீச்சுவர் எங்கே இருக்கிறது என்று என் கடைப் பெண் அரை மணி நேரம் தேடினாள். திரையில் என்ன சொல் இருக்கிறதோ அதையே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு, அதன் பொருளைத் தமிழில் ஒரு வரி சொல்லுங்கள். அது போதும்.

இனி நான் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பகுதி. அந்த மருந்துக் கடைக்காரர் இதற்குள் உங்கள் பதிலில் இருந்தபடி செய்திருப்பார். அவருக்காகத் திரும்ப மூடும் வழியைத் தயவுசெய்து போடுங்கள்.

முதலில் கணக்கு ஃபோல்டரை ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளட்டும். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஃபயர்வாலை மறுபடி போட வேண்டும். இரண்டிலும் நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பழைய விண்டோஸ் 7 என்றால் 'ஹோம்' அல்லது 'ஒர்க்' என்று இருக்கும். 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்ற இடத்தில் எஸ்எம்பி 1 டிக் போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்' என்பதை ஆன் செய்து, கடையில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, ஃபோல்டரின் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டிலும் எவ்ரிஒன்னை நீக்கி அந்தப் பெயர்களைச் சேர்க்க வேண்டும். ஃபுல் கன்ட்ரோல் யாருக்கும் தேவைப்படாது. ஷேரிங்கில் 'சேஞ்ச்', செக்யூரிட்டியில் 'மாடிஃபை' கொடுத்தால் கணக்கு எழுதலாம்.

பிறகு புது கம்ப்யூட்டரில் பழைய டிரைவைத் துண்டித்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய கம்ப்யூட்டரின் பெயரில் இருப்பதை அழித்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு, 'மேப் நெட்வொர்க் டிரைவ்' போக வேண்டும். அங்கே 'ரீகனெக்ட் அட் சைன்-இன்', 'கனெக்ட் யூசிங் டிஃபரன்ட் கிரெடென்ஷியல்ஸ்' என்ற இரண்டையும் டிக் செய்ய வேண்டும். பெயர் கேட்கும்போது பழைய கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, அதில் உருவாக்கிய யூசர் பெயர் என்று சேர்த்து அடித்து, அதன் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். 'பின்' (PIN) நம்பரைக் கொடுக்கக் கூடாது. பழைய கம்ப்யூட்டர் அரை மணியில் தூங்கிப்போகாமல் ஸ்லீப்பை நிறுத்தி வைக்க வேண்டும். காலையில் அதைத்தான் முதலில் ஆன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும். விழுந்தாலும் பயப்பட வேண்டாம், பழைய கம்ப்யூட்டர் எழுந்த பின் ஒரு தடவை டபுள் கிளிக் செய்தால் வந்துவிடும்.

வரும் ஞாயிறே இதைப் போட முடிந்தால் நல்லது. மருந்துக் கடைக் கணக்கு என்றால் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும் அதில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
அச்சகம் நடத்துபவன்,
கும்பகோணம்.